ஒரு டன்னுக்கு ஒரு கரண்டி

தண்டையார்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. காலையில் பெட்டியில் கரி பற்றிக்கொள்வதற்கு முன் ஒரு நாற்றம் வரும். பற்றிய பிறகு வராது. ஈரச் சாக்கு, அழுகின முட்டை, மழையில் நனைந்த இரும்புக் கேட், மூன்றும் சேர்ந்த நாற்றம். இஸ்திரிக்காரர் மரக்கரியோடு எங்கிருந்தோ பொறுக்கி வந்த நிலக்கரித் துண்டுகளையும் கலக்கிறார். கேட்டால் இல்லை என்பார். என் மூக்கு ஆமாம் என்கிறது. அரைகுறையாக எரியும் மட்டக் கரியை நான் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வேன். இரண்டு வருஷம் அதற்காகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத எனக்கு இரண்டு வருஷம் என்பது நீண்ட ஆயுள்.

எண்ணூர் போகும் சாலையில், திருவொற்றியூரைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று உறங்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் அட்டை ஆலை. இனிப்புக்கடைப் பெட்டிக்கும் செருப்புப் பெட்டிக்குமான சாம்பல்நிற அட்டை அங்கே சூடான உருளைகளில் காயும். உருளை சூடாக நீராவி, நீராவிக்கு பாய்லர், பாய்லருக்குக் கரி. அதைக் கரி என்பதே ஒரு மரியாதைக்குத்தான். துறைமுகப் பக்கத்துக் கிடங்குகளில் நல்ல கரியெல்லாம் போன பிறகு தரையைப் பெருக்கி அள்ளுவார்கள் அல்லவா, அது. மணல், கல், கிளிஞ்சல், தண்ணீர், இவற்றுக்கு நடுவே கொஞ்சம் கரியும் இருக்கும். ஒருமுறை இடதுகால் செருப்பு ஒன்று வந்தது. வலதுகால் அடுத்த லோடில் வருமென்று ஒரு வாரம் எடுத்து வைத்திருந்தோம்.

நான் அங்கே லேபில் இருந்தேன். லேப் என்றால் ஒரு மேஜை, ஒரு தராசு, டிபன் பெட்டி அளவுக்கு ஒரு மின் உலை. எரிந்து முடிந்த சாம்பலை மறுபடியும் எரிப்பது என் உத்தியோகம். சாம்பலைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடை பார்ப்பேன். உலையில் வைத்துச் சிவக்கச் சுடுவேன். ஆறிய பின் மறுபடி எடை பார்ப்பேன். குறைந்துபோன எடை எதுவோ, அது பாய்லரில் எரியாமல் தப்பித்த கரி. அதைப் பதிவேட்டில் எழுதுவேன். எழுதிவிட்டு ஜன்னல் வழியே புகைபோக்கியைப் பார்ப்பேன். அடியில் சாம்பலோடு தப்பித்தது போக மீதி அங்கே மேலே கறுப்பாகத் தப்பித்துப் போய்க்கொண்டிருக்கும். வானத்துக்குப் பதிவேடு கிடையாது.

பாய்லரைப் பார்த்துக்கொண்டவருக்கு என் வயதுதான், நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்கு உள்ளே. ஆலையின் பின்மதிலை ஒட்டியிருக்கும் மீனவர் குப்பத்துக்காரர். அப்பா, அண்ணன், தம்பி எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் கால் வைத்ததும் வாந்தி. ஐந்தாறு தடவை முயன்று பார்த்துவிட்டு, பரீட்சை எழுதி பாய்லர் லைசென்ஸ் வாங்கி நெருப்பிடம் வந்துவிட்டார். "நெருப்பு ஆடாது வாத்தியாரே. நின்ன எடத்துல நிக்கும்" என்பார். நான் கவிதை எழுதுகிறவன் என்று எப்படியோ தெரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு நான் வாத்தியார்.

அவருடைய மனைவி கருவாடு காய வைத்து விற்பவர். கடல் அரித்ததுபோக, பாறாங்கல் கொட்டியதுபோக, மதிலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பட்டை மணல் மீந்திருந்தது. அங்கேதான் பழைய வலையை விரித்து நெத்திலியைப் பரப்புவார். காலையில் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். காலையில்தான் பாய்லரும் பற்றவைக்கப்படும். புருஷன் அனுப்பும் புகை நேராக வந்து பெண்டாட்டியின் நெத்திலி மேல் இறங்கும். இதில் யாருடைய சதியும் இல்லை. காற்றுக்கு இருவரையும் தெரியாது.

மிளகுப் பொடி தூவியதுபோல் நெத்திலி முழுக்கக் கறுப்புப் புள்ளி. ராயபுரத்திலிருந்து கருவாடு எடுக்க வருகிற அம்மா ஒருநாள் கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, பொங்கலுக்கு மொளகு போட்டுக்கீற மாதிரி கீது" என்று சொல்லி எடுக்காமல் போய்விட்டார். அடுத்த தடவையும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வரவே இல்லை.

அந்தச் சமயத்தில் ஒருநாள் மத்தியானம் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் அது வழக்கம். கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. இருவருக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, அந்தாளாண்ட சொல்லு" என்றார் அவர் மனைவி, என் தட்டில் குழம்பை ஊற்றியபடி. "இன்னும் ஒரே ஒரு தபாதான் நெத்திலி போடுவேன். அதுலயும் கரி வியுந்துச்சுன்னா வலைய சுருட்டிக்கினு பழவேற்காட்டுக்கு எங்கக்கா வூட்டுக்குப் போயினே இருப்பேன். அங்க நல்லா எடம் கீது. சிம்னி கெடையாது."

"அங்க நேரா பஸ்ஸும் கெடையாதுன்னு சொல்லு வாத்தியாரே" என்றார் அவர், சோற்றைப் பார்த்து.

"நான் பஸ்ஸு மேலயா நெத்திலி காய வெக்கறன், கேளு."

"மத்தியானத்துல காய வெக்கச் சொல்லு. அப்ப காத்து திரும்பிடும், பொகை ரோட்டு பக்கம் போயிடும்."

"வெயிலு இவுரு ஷிப்டுக்கு நிக்குமான்னு கேளு."

குழம்பு நன்றாக இருந்தது என்றேன். இருவரும் என்னை ஒரே மாதிரி பார்த்தார்கள். பத்து நாளில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

வாசலுக்கு வந்ததும் அவர் சொன்னார்: "மெய்யாலுமே போயிடுவா. அக்காவாண்ட போன்ல பேசிட்டா. லைசென்ஸ எட்த்துகினு நான் பழவேற்காட்டுல போயி எத்த பத்த வெக்கறது, சொல்லு." செருப்பை மாட்டிக்கொண்டே, "அவ பேசுனா மூணு பேரு பேசுற மாதிரி இருக்கும். அவ போயிட்டா வூட்ல மூணு பேரு இல்லாத மாதிரி ஆயிடும்" என்றார்.

அந்த வாரம்தான் மருந்து வந்தது.

ஸ்கூட்டரில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, மேனேஜர் அறையில் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே குங்குமம் போலச் சிவந்த தூள். "கரிக்கு டானிக் சார்" என்றார். புகையைப் பற்றி ஏற்கெனவே புகார் போயிருந்தது. மேனேஜர் தலையாட்டினார். டப்பாவோடு வந்த காகிதத்தை என்னிடம் கொடுத்து, படித்து பாய்லர்காரருக்குப் புரியும்படி சொல்லச் சொன்னார்கள். பெரும்பங்கு இரும்பு ஆக்ஸைடு, கூடவே கொஞ்சம் மாங்கனீஸ், அப்புறம் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று. துருதான். கப்பலைத் தின்கிற அதே துரு, இங்கே டப்பாவில் அடைத்து மூடி போட்டு வந்திருந்தது.

"இரும்ப எரிக்கச் சொல்றியா?" என்றார் பாய்லர்காரர்.

"இரும்பு எரியாது. கரி எரிய அது ஒத்தாசை பண்ணும். காத்துல ஆக்ஸிஜன் இருக்கு. ஆனா இந்த மட்டக் கரிகிட்ட அது சீக்கிரம் போய்ச் சேராது. நடுவுல சாம்பல், மண்ணு. இந்தத் தூள் கரியோட ஒட்டிக்கிட்டே இருக்கும். தன்கிட்ட இருக்கற ஆக்ஸிஜனைக் கரிக்குக் குடுத்துட்டு, காத்துலேருந்து மறுபடி வாங்கிக்கும். மறுபடி குடுக்கும். கடைசிவரைக்கும் அது இரும்பாவேதான் இருக்கும்."

அவர் யோசித்தார். யோசிக்கும்போது உலைக் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பது அவர் வழக்கம். பதில் அங்கே எரிந்துகொண்டிருப்பதுபோல.

"அப்போ இது காசிமேட்டுல மீன் கூடை தூக்கறவன்" என்றார். "போட்டுலேந்து மீன எட்த்தாந்து ஏலத்துல போட்டுட்டு, காலிக் கூடயோட மறுபடி போட்டுக்கு ஓடுவான். அவன் மீனும் புடிக்கல, மீனும் வாங்கல. ஆனா அவன் இல்லன்னா மீனு போட்டுலயே நாறிடும்."

காகிதத்தில் இரண்டு பக்கம் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். இவ்வளவு தெளிவாக இல்லை.

"பொகை கொறையுமா?"

"எரிஞ்சா கொறையணும். எரியாததுதானே பொகை."

"அடுத்த நெத்திலி போடறதுக்குள்ள கொறையுமா?"

காகிதத்தில் நெத்திலியைத் தேடினேன்.

எவ்வளவு போட வேண்டும் என்பது கிராமில் இருந்தது. பாய்லர் வீட்டில், அதாவது பாய்லர் நிற்கும் கொட்டகையில், தராசு கிடையாது. அங்கே எல்லா அளவும் கரி அள்ளும் ஷவல் கணக்கு. என்னிடம் லேபில் தூள் அள்ளுகிற ஒரு கரண்டி இருந்தது, சுண்டுவிரல் நீளம். எடை போட்டுப் பார்த்தேன். தலைதட்டி அள்ளினால் ஒரு டன் கரிக்கு வேண்டியது கச்சிதமாக வந்தது. பாய்லர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடித்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கறுப்புப் பெயின்ட்டில், என் அழகான கையெழுத்தில் எழுதினேன்:

ஒரு டன்னுக்கு ஒரு கரண்டி.

எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மூன்றாவது சொல்லில் 'ஒரு' திரும்பி வந்தது பிடித்திருந்தது. 'சின்ன' என்றோ 'லேப்' என்றோ சேர்த்தால் வரியின் நடை கெட்டுவிடும். இருபது வருஷமாகக் கவிதை எழுதுகிறவனுக்கு எதை வெட்டுவது என்று தெரியும். வெட்டினேன். கரண்டியை லேபிலிருந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் திருப்தியில் மறந்துபோனேன்.

மறுநாள் எனக்கு லீவு. பேசின் பிரிட்ஜ் மேலே நின்று ரயில் பெட்டிகளைக் கோப்பதையும் கழற்றுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

பாய்லர் வீட்டில் கரண்டி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. உலையின் செங்கல் பெயர்ந்தால் களிமண் பூசுகிற கொத்தனார் கரண்டி. மூன்று தலைமுறைக் கொத்தனார்கள் அதைக் கரண்டி என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆலையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவர் சுவரைப் படித்தார். கரண்டியை எடுத்தார். ஒரு டன்னுக்கு ஒன்று என்று, ஒரு துளி சிந்தாமல், குவித்து அள்ளிக் கலந்தார்.

பிறகு அளந்து பார்த்தேன். அந்தக் கொத்தனார் கரண்டி ஒன்றில் என் லேப் கரண்டி இருபத்தேழு அடங்கியது.

அதற்கடுத்த நாள் நான் வேலைக்குத் திரும்பி வந்தபோது பாய்லர் அணைந்து கிடந்தது. முதல் ஒரு மணி நேரம் நெருப்பு நன்றாகத்தான் எரிந்திருக்கிறது, முன்னெப்போதும் இல்லாத வெள்ளையாக. பிறகு உலைக்குள் சாம்பல் இளகிப் பாகாகி, அடியில் காற்று வரும் சல்லடைக் கம்பிகளின் மேல் வழிந்து, இறுகிவிட்டது. அளவுக்கு மீறிய இரும்பு சாம்பலைச் சீக்கிரம் உருக்கிவிடும். காகிதத்தின் இரண்டாவது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. வெல்லப்பாகு ஆறியதுபோல் ஒரே பாளம். நான்கு பேர் கடப்பாரையோடு உள்ளே போயிருந்தார்கள். கரியோடு ஒட்டாமல் மிஞ்சிய நுண்ணிய தூளோ புகையோடு மேலே போய், கரைக்காற்றில் மிதந்து, மணல் பட்டையில் இறங்கியிருந்தது. நான் லீவில் இருந்த அந்தக் காலைதான் நெத்திலி விரித்திருந்தார்கள். அவர் மனைவி கெடு வைத்த அந்தக் கடைசி நெத்திலி.

கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. மொத்தமும் சிவப்பு.

சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். "எவ்ளோ போட்ட?"

பாய்லர்காரருக்கு நேர்பின்னால் சுவர். சுவரில் என் எழுத்து. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு சார்" என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். சுவரைப் பார்த்தேன். கரண்டியைப் பார்த்தேன். புரிந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். சூப்பர்வைசர் போன பிறகு திறந்தேன்.

"ஏன் சொல்லல? நான்தானே எழுதினேன்."

"சொல்லி? எனுக்கு லைசென்ஸ் கீது, உடனே தூக்க முடியாது. உன்ன சாயங்காலமே தூக்கிடுவான்." கடப்பாரையை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனவர் நின்றார். "எயுத்து நல்லாத்தான் இருந்துச்சு வாத்தியாரே."

இத்தனை வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் அதுதான் மறக்காமல் இருக்கிறது.

அவர் வீட்டில் எதையும் சொல்லவில்லை. பேசாத மனைவியிடம் எப்படிச் சொல்வது? மனைவி தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கெடு வைத்தது அன்று, நெத்திலி சிவந்தது இன்று; ஆகவே இது வேண்டுமென்றே செய்தது. எண்ணூரிலிருந்து பழவேற்காட்டுக்கு ஐஸ் ஏற்றிப் போகிற வேனில் வெள்ளிக்கிழமை காலை இடம் சொல்லிவைத்துவிட்டார் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் போனேன். வீட்டு வாசலில் வலை சுருட்டிக் கட்டியிருந்தது. பக்கத்தில் சிவப்பு நெத்திலி ஒரு கூடை. அவர் மனைவி கயிறு முடிந்துகொண்டிருந்தார்.

"வா அண்ணே. மொளகு போட்டது பத்தலன்னு இப்ப மொளகாத்தூள் தூவிக்கீறாரு. பொரிச்சு சாப்பட்றதுதான் பாக்கி. ஒனுக்கு ஒரு கூட எட்த்து வெக்கவா?"

"அவர் தூவல. நான்தான் தூவினேன்."

கயிறு நின்றது. "நீ அன்னிக்கு லீவுன்னு சொன்னாங்க."

"லீவுதான். அதுக்கு முந்தின நாளே எழுதி வெச்சிட்டுப் போயிட்டேன். ஒரு டன்னுக்கு ஒரு கரண்டின்னு சுவத்துல எழுதினது நான். அவர் எழுதினபடியே போட்டார்."

"கரண்டின்னா?"

"கரண்டிதான்."

"எந்தக் கரண்டி?"

நான் லேப் கரண்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அது அவர் சுண்டுவிரலுக்கு மேல் நீளவில்லை.

"இத்த கரண்டின்னு எவன் சொல்லுவான்? இது காது கொடையறது." என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அவரு எத்தால போட்டாரு?"

"கொத்தனார் கரண்டி."

அவர் சிரிக்கவில்லை. முகத்தில் ஏதோ ஒன்று சிரிப்பதற்கு இடம் தேடியது, கிடைக்காமல் போய்விட்டது. "இருவது வருசமா ஒரு கரண்டி உப்பு போடுன்னா கேப்பாரு, எந்தக் கரண்டின்னு. சமையல்ல கேக்கத் தெரியிது. அங்க கேக்கத் தெரியல."

"நான் எழுதினதால கேக்கல. எழுதினது சரியா இருக்கும்னு நம்பிட்டார்."

"படிச்சவங்கோ எயுதுனா அப்படித்தான் அவுருக்கு." எழுந்து உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஊறுகாய்க் கரண்டி இருந்தது, எவர்சில்வர், காம்பு சற்று வளைந்தது. "இது எவ்ளோ புடிக்கும், பாத்து சொல்லு."

ஓடிப்போய் எடை பார்த்தேன். எண்ணெய் வாசனை போகும்வரை கழுவி, துடைத்து, தூளைத் தலைதட்டி அள்ளி, மூன்று தடவை. என் லேப் கரண்டியைவிட ஒரு சிட்டிகை அதிகம். அந்தச் சிட்டிகை மட்டக் கரிக்குத் தேவைதான். திரும்பி வந்து சரியான அளவு என்றேன்.

"அந்தாளாண்ட குடு" என்றார். பிறகு சொல்லைத் திருத்திக்கொண்டார். "அவுராண்ட குடு. ரெண்டு நாளு பாக்கறேன். ஐஸு வண்டிக்காரன வெள்ளிக்கெயம வேணாம், ஞாயித்துக்கெயம வான்னு சொல்லிக்கறேன்."

ஊறுகாய்க் கரண்டி ஒரு கம்பியில் கோக்கப்பட்டு மருந்து டப்பாவோடு கட்டப்பட்டது. நான் சுவரில் பழைய வரியை அழித்துவிட்டு எழுதினேன்: ஒரு டன்னுக்கு ஊறுகாய்க் கரண்டியால் ஒரு கரண்டி, தலைதட்டி. நடை முழுவதும் நாசம். சூப்பர்வைசரிடம் போய், முதலில் எழுதியது நான்தான், அவர் கை தாராளம் இல்லை என்றும் சொன்னேன். அவர் வந்து சுவரைப் படித்தார். வேலையை விட்டுத் தூக்கவில்லை. "ஊறுகாய்க்குச் சின்ன 'ரு'வா?" என்று கேட்டார். இல்லை, பெரிய 'று' என்றேன். சரி என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மணலில் வலை மறுபடி விரிந்தது, பாதி மட்டும். மீதிப் பாதி சுருட்டியபடியே கிடந்தது. நெத்திலிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார் அவர் மனைவி. சரிகை பார்த்ததும் தெரிந்தது, கல்யாண வேட்டி.

"இது இன்னாத்துக்கு?" என்று பாய்லர்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். என்னைக் கேட்பதுபோல, ஆனால் என்னைப் பார்க்காமல்.

"நெத்திலில எண்ண முடியல. இதுல எண்ணலாம்" என்றார் மனைவி. என்னிடம் சொல்வதுபோல, ஆனால் என்னைப் பார்க்காமல். அவர்களுக்கு நடுவில் நான் இன்னும் இருந்தேன். ஆனால் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தேன். நல்ல முன்னேற்றம்.

பற்றவைத்த அரைமணி நேரம் புகை கறுப்பாகத்தான் வந்தது. மருந்தும் கரி சூடாகும்வரை வேலைக்கு வராது. கூடை தூக்குகிறவனுக்குப் படகு கரை சேர வேண்டும். அந்த அரைமணி நேரமும் அவர் மனைவி இடுப்பில் கைவைத்துப் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மதிலின் மறுபக்கம் இவர் உலைக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு புகை வெளுத்தது. சாம்பல்நிறமாக, பிறகு அழுக்கான வெள்ளையாக, பிறகு பார்க்க வேண்டும் என்று பார்த்தால்தான் தெரிகிற மாதிரி. வானத்தை நான் அப்படி ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. நீலம்கூட இருந்தது, தண்டவாள எண்ணெயில் தெரிவதுபோல ஒரு நீலம்.

மத்தியானம் காற்று திரும்பியதும் அவர் மனைவி வேட்டிப் பக்கத்தில் குந்தி, விரலால் தொட்டு எண்ணினார். பதினொன்று.

"முந்தி எவ்ளோ இருக்கும்?" என்றேன்.

"முந்தி வேட்டிய போட்டிருந்தா இது கைலியா ஆயிருக்கும்."

அன்று நான் எடுத்த சாம்பலும் உலையில் சுட்டபோது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இளைத்தது. கரி பாய்லரிலேயே எரிந்திருந்தது. பதிவேட்டில் எழுதினேன். ஆனால் ஆலையில் யாரும் என் பதிவேட்டைக் கேட்கவில்லை. ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது, வேட்டியில் எத்தனை?

சனிக்கிழமை ஒன்பது.

பாய்லர்காரர் மதில் மேல் கைகளை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒம்போதுல ரெண்டு காக்கா போட்டது" என்றார். பதினைந்து நாளுக்கும் மேலாக மனைவியிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

அவர் மனைவி குனிந்து பார்த்தார். "ஆமா. ரெண்டு காக்காது." நிமிர்ந்தார். "ஏயு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஐஸ் வேன் வந்து ஹாரன் அடித்தது. அவர் மனைவி வலையின் மீதிப் பாதியை விரித்துக்கொண்டிருந்தார். முழுசாக விரித்து முடித்த பிறகுதான் வேன் பக்கம் போனார். டிரைவரிடம் ஒரு பொட்டலம் நெத்திலியைக் கொடுத்து, அக்காவிடம் சேர்க்கச் சொன்னார். "நீ வரல?" என்றார் டிரைவர். "கையில வேல கீது" என்றார். மதிலுக்கு அந்தப் பக்கம் உலைக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. வழக்கத்தைவிடப் பலமாக.

ராயபுரத்து அம்மா திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் ஆனது. கூடையைக் கிளறினார், மோந்து பார்த்தார், தலையில் ஏற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் அங்கே இருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எனக்குக் கால் அரிக்க அது போதும். பெரம்பூர்ப் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. என்ன வேலை என்பது இங்கே முக்கியமில்லை, அதையும் பிறகு விட்டுவிட்டேன். கடைசி நாள் மதிலைச் சுற்றிக்கொண்டு மணலுக்குப் போனேன். வேட்டி இன்னும் விரிந்திருந்தது. அதை எடுக்க அவர் மனைவி மறுத்துவிட்டார். நாளைக்கும் வானம் யோக்கியமாக இருக்கும் என்று யார் கண்டார்கள். ஓரத்தில் சரிகை வெளுத்திருந்தது. பாய்லர்காரர் இடைவேளைக்கு வந்து, வேட்டி மேல் நிழல் விழாமல் தள்ளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"போறியாமே" என்றார்.

"ஆமா."

"இங்க இன்னா கொறச்சலு?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் போற" என்றார். டீயை முடித்துவிட்டு டம்ளரை மணலில் குத்தி நிறுத்தினார். "ஊறுகாக் கரண்டி அங்கயே கெடக்கட்டும். இவ கேட்டுகினே கீறா. வேற வாங்கிக் குட்த்துடறேன்."

"ஆறு மாசமா கையால எட்த்துகினு கீறோம் அண்ணே" என்றார் அவர் மனைவி. "ஊறுகா பூரா பூஞ்சக் காளான். பாய்லரு மட்டும் சொகமா கீது."

காகிதத்தில் நெத்திலியைச் சுற்றி என் கையில் கொடுத்தார். வெள்ளி மாதிரி இருந்தது. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. வாங்கிக்கொண்டு, கல்லில் ஏறி, சாலைப் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே. நீ எயுதறவன்னு இவரு சொல்லிகினே இருப்பாரு. எங்கள பத்தி எதுனா எயுதுனா, எந்தக் கரண்டின்னு சேத்து எயுது."